டீமுக்குப் போகும் காசு படிப்புக் காசா, விளம்பரக் காசா?

சென்னிமலைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

கொங்குப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினேழு வருடமாக மெக்கானிகல் வாத்தியார். கல்லூரிப் பெயரைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் வீட்டுக்கடன் பாக்கி இருக்கிறது.

அடுத்த வாரம் பட்ஜெட் மீட்டிங். அதில் இரண்டு தாள் வருகிறது. ஒன்று, ஆய்விதழ்களின் ஆன்லைன் சந்தாவில் பாதியை நிறுத்தச் சொல்லும் யோசனை. மற்றொன்று, உள்ளரங்க வாலிபால் கோர்ட்டுக்கு மரத்தரை போட வந்திருக்கும் கொட்டேஷன். இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான். ஆனால் லைப்ரரி கமிட்டியில் இருக்கிறவன் கண்ணுக்கு அது தற்செயலாகத் தெரிவதில்லை.

என் லேபில் ஒரு லேத்துக்குச் சக் (ஜாபைப் பிடிக்கும் பாகம்) மாற்ற வேண்டும். மூன்று தாடையில் ஒன்று தேய்ந்துபோய், ஜாபைப் பிடித்துச் சுற்றவிட்டால் தலையாட்டுகிறது. ஃபைல் இரண்டு செமஸ்டராக நகர்ந்துகொண்டிருக்கிறது. டீம் பையன்களுக்கு ஷூ மட்டும் ஜூலை முதல் வாரமே வந்துவிடும்.

அதற்காக நான் விளையாட்டுக்கு விரோதி இல்லை. மேட்ச் இருந்தால் கடைசி பீரியடை ஐந்து நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டு ஓடுகிற ஆள்தான். மீட்டிங்கில் பேச வேண்டியது நான். என்ன பேசுவது?

செட்டர்_திருப்பூர்

சார், நான் அந்த ஷூ போட்ட பையன். உங்கள் கல்லூரி இல்லை, வேறொன்று. 2009-ல் சேர்ந்தேன். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் மெஸ் இலவசம், வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ. ஒரு சீசனில் ஆந்திரா போய் மேட்ச் ஆடிவிட்டு விடியற்காலை நாலு மணிக்கு ஈரோடு ஜங்ஷனில் இறங்கினோம். ஒன்பதரைக்கு இன்டர்னல் டெஸ்ட். கொஸ்டின் பேப்பரை வாங்கி மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கினேன். மேற்பார்வைக்கு வந்த மேடம் எழுப்பவே இல்லை. பாவம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பாவம்தான் என்னைக் கெடுத்தது.

நாலு வருடம் முடிந்தபோது 11 அரியர். அப்புறம் வேலைக்குப் போய்க்கொண்டே நாலு எழுதிப் பாஸ் பண்ணினேன். ஏழு அப்படியே நிற்கிறது. கல்லூரி வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் நாங்கள் வாங்கிய ஆறு கோப்பை இருக்கிறது. டிகிரி என்னிடம் இல்லை. இப்போது ஜெர்சி பிரிண்ட் அடிக்கும் யூனிட்டில் சூப்பர்வைசர். கல்லூரி ஆர்டர் வந்தால் ஒன்று கவனிப்பேன். முதுகில் பையன் பெயர் இரண்டு இஞ்ச், நெஞ்சில் கல்லூரி பெயர் அஞ்சு இஞ்ச்.

கணக்குப்பிள்ளை

அந்த அஞ்சு இஞ்சில்தான் விடை இருக்கிறது. நான் ஆடிட்டர், இரண்டு மூன்று கல்வி டிரஸ்ட் கணக்கு பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைப் பிரித்தால் முழுப்பக்கம், அரைப்பக்கம் என்று கல்லூரி விளம்பரம் கொட்டும். பஸ் ஸ்டாண்டு ஹோர்டிங், தியேட்டர் ஸ்லைடு, பெட்ரோல் பங்க் ஃப்ளெக்ஸ். இதெல்லாம் போக மிஞ்சியதில்தான் டீம். பன்னிரண்டு பையன்களுக்கு ஃபீஸ் தள்ளுபடி என்பது பெரும்பாலும் காலியாகக் கிடக்கிற சீட்டைக் கொடுப்பது, கையிலிருந்து காசு போவதில்லை. சோறும் பயணமும்தான் நிஜச் செலவு. பதிலுக்கு மாவட்டப் பக்கத்தில் போட்டோவோடு செய்தி வருகிறது. விளம்பரம் என்று பார்த்தால் மலிவு.

அதனால் சந்தாவும் மரத்தரையும் மோதுவதாக நினைக்காதீர்கள் சார். மரத்தரை மோதுவது ஹோர்டிங்கோடு.

சென்னிமலைக்காரன்

அப்படியென்றால் மீட்டிங்கில் ஹோர்டிங்கைத்தான் குறை சொல்ல வேண்டும். அதைப் போடுகிறவர் நிர்வாகியின் மச்சான்.

அவிநாசி_டு_அட்லாண்டா

இங்கே பத்து வருடமாக இருக்கிறேன். ஊரில் யாராவது ‘அமெரிக்காவைப் பாருங்கள், காலேஜ் விளையாட்டே கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறது’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். சம்பாதிப்பது அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் பாஸ்கெட்பாலும். அதுவும் பெரிய லீக்கில் இருக்கிற சில பத்துப் பல்கலைக்கழகங்களில். மற்ற இடங்களில் எல்லாம் வரவைவிடச் செலவு கூட. பள்ளத்தை நிரப்புவது மாணவர்கள் கட்டும் விளையாட்டுக் கட்டணமும் பல்கலைக்கழகப் பொதுப்பணமும்.

2025 வரை ‘இவர்கள் மாணவர்கள், சம்பளக்காரர்கள் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூனில் ஒரு வழக்கில் சமரசத் தீர்ப்பு வந்தது. அதன்படி 2025-26-ல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம் என்றானது. பழைய வீரர்களுக்குப் பாக்கி என்று 280 கோடி டாலர் பத்து வருடத்தில் கொடுக்க வேண்டும். ஹார்வர்டு, யேல் மாதிரியான ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் இதில் சேரவில்லை. விளையாட்டுக்கென்று உதவித்தொகையே அங்கே கிடையாது.

செட்டர் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்கு வட கரோலினா பல்கலைக்கழகம் ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடம் அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத வகுப்புகள் இருந்தன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும், பெரும்பாலும் ஏ அல்லது பி. மார்க் போட்டது பேராசிரியர்கூட இல்லை, அலுவலக ஊழியர். 3,100 பேருக்கு மேல் அப்படிப் படித்தார்கள், கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். 2014-ல் விசாரணை அறிக்கை வந்தது. 2017-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கம் (NCAA) என்ன சொன்னது தெரியுமா? அந்த வகுப்பு எல்லா மாணவருக்கும் திறந்திருந்ததாம், வீரர்களுக்கு மட்டும் சலுகை இல்லையாம், அதனால் தங்கள் விதிப்படித் தப்பென்று சொல்ல முடியாதாம். கேட்டுவிட்டுச் சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை.

இன்னொரு கதை என் ஊரிலேயே. அட்லாண்டாவில் ஸ்பெல்மன் என்று பெண்கள் கல்லூரி. சுமார் 2,100 மாணவிகளில் 80 பேர்தான் கல்லூரி அணிகளில் ஆடினார்கள், செலவு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர். 2012-ல் அணிகளையே கலைப்பது என்று அறிவித்து, அந்தப் பணத்தை எல்லா மாணவிகளின் உடற்பயிற்சிக்கும் ஆரோக்கியத்துக்கும் திருப்பிவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

கோழிப்பண்ணை_நாமக்கல்

எங்கள் ஊர்க் கபடிப் போட்டியில் முதல் பரிசு எவர்சில்வர் அண்டா. சம்பளம் இல்லை, அரியர் இல்லை, வழக்கும் இல்லை. அமெரிக்காக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

(சும்மா சொன்னேன். தொடருங்கள்.)

கபடி_அம்மிணி

அவிநாசி அண்ணா, ஸ்பெல்மன் கணக்கு உங்களுக்கு நியாயமாகப் பட்டது. நான் அந்த எண்பது பேர் மாதிரி ஒருத்தி.

எங்கள் அப்பா தறி ஓட்டுகிறவர். பிளஸ் டூ முடித்த வாரமே பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் இருந்து வேன் வந்து வாசலில் நின்றது. கூட்டிப்போக வந்தவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அதே மத்தியானம்தான் ஒரு கலைக் கல்லூரி பி.டி. (உடற்கல்வி) மேடம் டிவிஎஸ் 50-ல் வந்து இறங்கினார்கள். ‘ஏனுங்க, பிள்ளையை எனக்குக் கொடுங்க, ஃபீஸ் வேண்டாம், மூணு வேளை சோறு போடறோம்’ என்று கேட்டார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா, ‘ரெண்டு முட்டை கொடுப்பீங்களா’ என்று கேட்டது. கொடுத்தார்கள். தினம் ரெண்டு, மூன்று வருடம்.

பல்கலைக்கழக அணியில் ஆடி, அதற்கான சான்றிதழான ஃபார்ம் 3 வாங்கினேன். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் இருக்கும் 3 சதவீத ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. அன்றைக்கு யாராவது மீட்டிங் போட்டு, ஆயிரம் பேர் இருக்கிற கல்லூரியில் பன்னிரண்டு பேருக்கு ஏன் இவ்வளவு என்று டீமைக் கலைத்து, எல்லாருக்கும் யோகா சொல்லிக் கொடுத்திருந்தால் நான் அந்த வேனில் ஏறியிருப்பேன். யோகா நல்லதுதான்.

அவிநாசி_டு_அட்லாண்டா

அம்மிணி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே அந்த எண்பது பேரும் டீம் இல்லாவிட்டாலும் கல்லூரிக்கு வந்திருப்பார்கள். நம் ஊரில் டீம்தான் வாசல். நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.

பொள்ளாச்சி_அப்பா

எல்லாம் சரிங்க. என் மகள் பேங்க் லோன் வாங்கி முழு ஃபீஸ் கட்டிப் படிக்கிறாள். காலையில் ஆறேகால் பஸ்ஸுக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்கு வருகிறாள். அவளுக்கு யார் முட்டை கொடுப்பது? அவள் கட்டும் ஃபீஸில் ‘ஸ்போர்ட்ஸ் ஃபீ’ என்று ஒரு வரி இருக்கிறது. கிரவுண்டில் கால் வைத்ததே இல்லை என்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பஸ் இருக்காதாம்.

பழைய_பி.டி.

ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர் நான். பொள்ளாச்சிக்காரர் கேட்டது முழுக்க நியாயம். இங்கே யாரும் சொல்லாத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிரவுண்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கரிடம். சாயங்காலம் நாலரை மணிக்கு டீம் உள்ளே வரும், நான் கேட்டைச் சாத்திவிடுவேன். மற்ற பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். கோர்ட்டு கெட்டுவிடும், பந்து தொலைந்துவிடும், பிராக்டிஸ் கலைந்துவிடும் என்று எனக்கு ஆயிரம் காரணம். எல்லாப் பிள்ளைகளும் கட்டின காசில் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். அதை முப்பது வருடம் செய்தவன் நான்தான்.

ஏன் செய்தேன் என்றால், என்னைக் கேட்பவர்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: எத்தனை கோப்பை? கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வந்தால் மாணவர்கள் வாங்கிய பதக்கத்துக்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும். கம்பிக்கு வெளியே எத்தனை பேர் நின்றார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

இன்னொன்று, இந்த ஏற்பாடே விசித்திரமானது. சோறு போடுவது கல்லூரி. ஆனால் இன்டர்காலேஜில் தேறின பையன் பாரதியார் பல்கலைக்கழகம், பெரியார் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் என்று தன் பல்கலைக்கழகப் பெயரில்தான் தென்மண்டலப் போட்டிக்குப் போவான். அவன் ஜெயித்தால் புள்ளி பல்கலைக்கழகத்துக்கு. எல்லாப் புள்ளியும் சேர்ந்துதான் அபுல் கலாம் ஆசாத் கோப்பை. 1956-57-லிருந்து கொடுக்கிறார்கள். அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் மட்டும் இருபது தடவைக்கு மேல் வாங்கியிருக்கிறது. 2024-க்கானதைச் சண்டிகர் பல்கலைக்கழகம் என்ற தனியார் பல்கலைக்கழகம் தட்டிப்போனது. வடக்கே இதில் எவ்வளவு காசு இறங்குகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இங்கே பல்கலைக்கழகம் ரயில் டிக்கெட்டும் தினப்படியும் கொடுக்கும். மீதியெல்லாம் கல்லூரி தலையில், அதாவது பொள்ளாச்சிக்காரர் மகள் தலையில்.

செட்டர் தம்பி, உன்னை மாதிரிப் பையன்களுக்காக நான் துறைத்தலைவர் ரூமுக்கு வெளியே நின்றிருக்கிறேன். ‘சார், இன்டர்னல் கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்று. அது உனக்குச் செய்த உதவி என்று நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நொய்யல்_கரை

ஒரு பழைய கதை. பிடித்தவர்கள் படியுங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பாலில் பெரிய கை. சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கு ஹைஸ்மன் கோப்பை என்று தருகிறார்களே, அதன் முதல் ஆண்டான 1935-ல் வாங்கியவர் ஜே பெர்வாங்கர், சிகாகோ மாணவர். நாலே வருடத்தில், 1939-ல், அப்போதைய தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் சொல்லி ஃபுட்பாலையே மூடினார்கள். அப்புறம் ஸ்டேடியம் சும்மா கிடந்தது. 1942 டிசம்பர் 2-ஆம் தேதி, அந்தக் காலி கேலரிக்கு அடியில் இருந்த ஒரு கூடத்தில்தான் என்ரிகோ ஃபெர்மி குழுவினர் உலகின் முதல் கட்டுப்படுத்திய அணுக்கருத் தொடர்வினையை நடத்தினார்கள். பின்னால் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் பெரிய லைப்ரரி கட்டினார்கள். லைப்ரரி கமிட்டிக்காரர் மீட்டிங்கில் சொல்லத் தோதான கதை.

அவிநாசி_டு_அட்லாண்டா

கதையின் வாலையும் சொல்லுங்கள். 1969-ல் ஃபுட்பால் திரும்பி வந்துவிட்டது. இப்போது மூன்றாம் பிரிவில் ஆடுகிறார்கள். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, படித்துக்கொண்டே ஆட வேண்டும். ஒழிக்கவும் இல்லை, தலையில் தூக்கி வைக்கவும் இல்லை.

சென்னிமலைக்காரன்

சிகாகோ கதையை மீட்டிங்கில் சொன்னால், ‘சார், கோர்ட்டுக்கு அடியில் அணுகுண்டா செய்யப் போகிறீர்கள்’ என்று கேட்பார்கள். விடுங்கள்.

செட்டர் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். என்ன இருந்திருந்தால் நீங்கள் பாஸ் பண்ணியிருப்பீர்கள்?

செட்டர்_திருப்பூர்

இதை யாரும் என்னைக் கேட்டதில்லை சார். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில், என்னை ஈசிஇ-யில் (எலக்ட்ரானிக்ஸ்) போட்டார்கள். நான் கேட்கவில்லை. அந்த வருடம் அதில்தான் சீட் காலியாக இருந்தது. அப்பாவுக்குப் பட்டறை இருந்தது, சின்ன வயதிலிருந்து நட்டு போல்ட்டுக்கு நடுவில் வளர்ந்தவன். மெக்கானிகல் கொடுத்திருந்தால் பாதி தானாகவே புரிந்திருக்கும். கவுன்சலிங்கில் அரசு ஒதுக்கும் விளையாட்டு சீட்டில் வந்த பையன்களாவது ராங்க்படி தாங்களே கிளையைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்களை மாதிரி மேனேஜ்மென்ட் கூட்டி வந்தவர்களுக்குக் காலி இடம்தான்.

இரண்டாவது, வருகைப்பதிவு. 75 சதவீதம் வேண்டும், விளையாட்டு என்றால் 65 வரை விடுவார்கள். இதை விதி என்று நினைத்தோம். உண்மையில் அது ‘வராதே’ என்று சொல்லும் அனுமதிச் சீட்டு. ஓ.டி. (ஆன் டியூட்டி) ஃபாரத்தில் பி.டி. கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் அன்றைய வகுப்பு வந்ததாகிவிடும். அந்த வகுப்பில் நடத்திய பாடம் மட்டும் வந்து சேராது. மறுநாள் யாராவது ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால்? ஆறு மணிக்குப் பிராக்டிஸ் முடியும். எட்டு மணிக்கு மெஸ். நடுவில் இரண்டு மணி நேரம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் படுத்துக்கிடப்போம். நாலு வருடத்தில் எத்தனை இரண்டு மணி நேரம்!

மூன்றாவது, அந்த மேடம் என்னை எழுப்பியிருக்க வேண்டும். அல்லது ‘இன்றைக்குப் போய்த் தூங்கு, வெள்ளிக்கிழமை தனியாக எழுது’ என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் 50-க்கு 26 போட்டார்கள். நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை சார்.

கபடி_அம்மிணி

எங்கள் மேடம் டீம் பஸ்ஸிலேயே நோட்டை விரிக்கச் சொல்வார்கள். தூங்கினால் தலையில் ஒரு தட்டு. எனக்கு பி.ஏ. வரலாறு, அதை பஸ்ஸில் படிக்கலாம். ஈசிஇ-யை எப்படி பஸ்ஸில் படிப்பது அண்ணா!

கணக்குப்பிள்ளை

செட்டர் கேட்கும் மூன்றுக்கும் ஆகும் செலவைப் போட்டுப் பார்த்தேன். சாயங்கால வகுப்புக்கு ஒரு வாத்தியாருக்கு மேல்படி. மற்ற இரண்டுக்கும் ஒரு பைசா இல்லை.

சென்னிமலைக்காரன்

மீட்டிங் நேற்று நடந்தது. சொல்லிவிடுகிறேன்.

டீ, போண்டா வந்த பிறகு என் முறை. சந்தாவுக்காகப் பத்து நிமிடம் பேசினேன், யாரும் மறுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அப்புறம் செட்டர் தம்பியின் பதிவை, ஊர், வருடம் எல்லாம் எடுத்துவிட்டுப் படித்தேன். ‘50-க்கு 26’ என்ற இடத்தில் இரண்டு துறைத்தலைவர்கள் ஃபோனை எடுத்துப் பார்த்தார்கள்.

நிர்வாகி வழக்கம்போல் எங்கள் பி.டி.யைப் பார்த்து, ‘போன வருசம் எத்தனை கோப்பை?’ என்று கேட்டார். அவர் சொன்னார். நான் எழுந்து, ‘எத்தனை அரியர் என்றும் கேளுங்கள் சார்’ என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது, வீட்டுக்கடன் ஞாபகம் வந்தது. பி.டி. முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். பதினாலு பையன்கள், ஒன்பது பேருக்கு அரியர். யாராவது கேட்பார்கள் என்று இரண்டு வருடமாகப் பையில் வைத்திருந்தாராம்.

மரத்தரை போடப் போகிறார்கள். சந்தாவில் பாதிக்குப் பதில் கால் பங்கு குறையும். போட்டிக்குப் போய் வந்த பையனுக்கு ஒரு வாரத்துக்குள் தனி டெஸ்ட், எழுதாமல் மார்க் போடக் கூடாது என்று சுற்றறிக்கை வருகிறது. ஆறு முதல் எட்டு வரை ஒரு வாத்தியார் இருக்க வேண்டும் என்றார்கள். யார் என்று கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிரவுண்டு கேட்டை வாரத்தில் இரண்டு நாள் எல்லாருக்கும் திறப்பது பற்றி பி.டி. ‘பார்க்கலாம்’ என்றார். காலி சீட்டில் பையனைப் போடும் விஷயத்தை எடுத்தேன், அட்மிஷன் சமயத்தில் பேசிக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்கள். லேத் சக் இன்னும் ஃபைலில்தான்.

பழைய_பி.டி.

அந்த பி.டி.யிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கேட்டை முதலில் பெண் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும். பஸ் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செட்டர்_திருப்பூர்

சார், ஒன்று கேட்கலாமா. மிச்சம் ஏழு பேப்பர் இருக்கிறதே. நான் 2008 ரெகுலேஷன், அதாவது பழைய பாடத்திட்டம். இனி எழுத முடியுமா?

சென்னிமலைக்காரன்

கால அவகாசம் முடிந்தவர்களுக்கும் அண்ணா பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவித்திருக்கிறது. அடுத்தது வருகிறதா என்று எங்கள் தேர்வுப்பிரிவில் விசாரிக்கிறேன். உங்கள் பழைய ஹால்டிக்கெட் இருக்கிறதா? ரெஜிஸ்டர் நம்பர் வேண்டும். பொதுவில் போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

செட்டர்_திருப்பூர்

ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் சார். சர்ட்டிபிகேட்டும் மெடலும் போட்டு வைத்திருக்கிற பெட்டி. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.